இன்னொரு கால்

இயேசு சீடர்களின் பாதத்தைக் கழுவியதன் நினைவாகப் பெரிய வியாழன் திருப்பலியில் ஃபாதர் பாதம் கழுவிவிடும் பன்னிரண்டு பேரில் தானும் ஒருத்தி என்று கேட்டதிலிருந்து சைஸ் அக்காவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. கோயிலில் உபதேசியார் பட்டியலை வாசித்தபோது பக்கத்தில் இருந்த மகள் வேறு குதூகலமாகக் கையைத் தட்டிவிட்டாள். அப்புறம் எங்கே மறுப்பது?

பதினெட்டு வருஷமாகச் செருப்புக் கடையில் வேலை. ஆள் படியேறும்போதே காலைப் பார்த்து "எட்டு", "ஒன்பது" என்று அளவு சொல்லிவிடுவாள். அதனால் வந்த பெயர்தான் சைஸ் அக்கா. ஊரார் காலையெல்லாம் பிடித்துப் பார்த்தவள் தன் இடது காலை மட்டும் யாருக்கும் காட்டியதில்லை. எந்நேரமும் சாக்ஸ், மூடிய ஷூ. கேட்டால், "நரம்புக் கோளாறு, குளிர் ஆகாது" என்பாள். சொல்லிச் சொல்லி அந்த நரம்பு அவளுக்கே சில நாள் வலிப்பதுண்டு.

இடது கணுக்காலில் ஒரு பெயர் பச்சை குத்தியிருந்தது. கணவர் பெயர் இல்லை.

இருபத்துநாலு வயதில், நாலு வயது மகளைத் தூங்க வைத்துவிட்டு, இன்னொருவனோடு போய்விட்டாள். ஏழு மாதம். அந்த மயக்கத்தில் குத்திக்கொண்டதுதான் அது. அவன் கைவிட்டதும் திரும்பி வந்து வாசலில் நின்றாள். லிஃப்ட் மெக்கானிக்கான கணவர் கதவைத் திறந்து, "சாப்பிட்டியா?" என்றார். அதோடு சரி. இருபத்திரண்டு வருஷமாக அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நாலு திட்டுத் திட்டியிருந்தாலாவது மனசு ஆறியிருக்கும். அம்மா அந்த ஏழு மாதம் ஆஸ்பத்திரியில் இருந்ததாக மகளுக்குச் சொல்லி வைத்திருந்தார்கள். ஒருநாள் சூடான இஸ்திரிப்பெட்டியை அந்தப் பெயர் மேல் வைத்துப் பார்த்தாள். தோல் சுருங்கியதே தவிர, பெயர் போகவில்லை.

பாவசங்கீர்த்தனம் செய்யாமல் இல்லை. ஐந்து பங்குச் சாமியார்களிடம் அதே பாவத்தைச் சொல்லியாயிற்று. "அதை எப்பவோ மன்னிச்சாச்சும்மா" என்று கடைசியாகக் கேட்டவர் சலித்தே போனார். மன்னிப்புக் கிடைத்தது, வெட்கம் மட்டும் விட்டுப் போகவில்லை. ஆண்டவரே முகம் சுளித்துக்கொண்டுதான் தன்னை மன்னித்திருப்பார் என்று அவளுக்கு உள்ளூர ஒரு நினைப்பு. புதிதாக வந்திருக்கும் ஃபாதரிடம் இன்னும் வாயே திறக்கவில்லை.

"ரெண்டு காலுமா கழுவுவாங்க?" என்று உபதேசியாரிடம் நைசாகக் கேட்டு வைத்தாள்.

"வலது கால் மட்டும்தான். எப்பவும் அதானே!"

உயிர் வந்தது. வியாழக்கிழமை சாயங்காலம் வலது காலை மட்டும் நன்றாகத் தேய்த்து, நகம் வெட்டிக்கொண்டு கிளம்பினாள். கழுவப் போகிற காலைக் கழுவிக்கொண்டு போவதுதானே நம் ஆட்களின் பக்தி!

பீடத்துக்கு முன்னால் பன்னிரண்டு நாற்காலி. அவளுக்கு ஏழாவது. ஃபாதர் மேலங்கியைக் கழற்றிவிட்டு இடுப்பில் துண்டைக் கட்டினார். பின்னாலேயே துடைக்கும் துண்டுகளோடு வந்தது யார் என்று பார்த்தாள். மகள்.

"துண்டு பிடிக்க வேண்டியவங்களுக்குக் காய்ச்சலாம். என்னைக் கூப்பிட்டாங்கம்மா" என்று கடந்து போகும்போது கிசுகிசுத்தாள்.

முதல் நாற்காலியில் பஸ் டிரைவர். ஃபாதர் வலது காலைக் கழுவினார். முத்தமிட்டார். பிறகு கையை நீட்டி இடது காலையும் எடுத்தார்.

சைஸ் அக்காவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. எழுந்து போய்விடலாமா? மயக்கம் வந்ததுபோல் சாயலாமா? சாய்ந்தால் முதலில் ஓடி வந்து சாக்ஸைக் கழற்றிப் பாதத்தைத் தேய்ப்பவள் மகளாகத்தான் இருப்பாள். நர்ஸம்மாவுக்குக் கழுவி முடிந்தது. தையற்காரருக்கும் முடிந்தது. தண்ணீர்ச் சத்தம் ஒவ்வொரு நாற்காலியாக நெருங்கியது. மூன்றாவது வரிசையில் கணவர் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார். அவரும் நாற்காலிகளை எண்ணிக்கொண்டுதான் இருந்திருக்க வேண்டும்.

ஃபாதர் அவள் முன்னால் மண்டியிட்டார். வலது காலை நீட்டினாள். இடது காலை நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டாள். கழுவினார், முத்தமிட்டார், மகள் துடைத்தாள். முடிந்தது என்று மூச்சு விடப்போனவளை ஃபாதர் நிமிர்ந்து பார்த்தார்.

"இன்னொரு காலு?"

"வேண்டாம் ஃபாதர். அது... நல்லா இல்ல."

போன மாதம் ஷூ வாங்க வந்தவர் அவர். ஒரு காலில் மட்டும் போட்டுப் பார்த்துவிட்டு அவசரமாக எழுந்தவரை அவள்தான் உட்கார வைத்திருந்தாள். அதை அவர் மறக்கவில்லை.

"ஒரு காலை மட்டும் பார்த்துட்டு வாங்கினா நாளைக்கே திரும்பி வருவீங்கன்னு என்னை மிரட்டினது நீங்கதானேம்மா?" அவர் குரல் அவளுக்கு மட்டும் கேட்டது. "ஆண்டவர் பாதி ஆளை வாங்க வரலைம்மா. ஆனா நீங்க குடுத்தாதான் நான் தொடுவேன்."

காத்திருந்தார். கையை நீட்டி இழுக்கவில்லை. மண்டியிட்ட முழங்கால் அவருக்கு வலிப்பது அவளுக்குத் தெரிந்தது. எத்தனை வருஷம் அவளும் இப்படி யார் யார் காலடியிலோ காத்திருந்திருக்கிறாள்!

அவளே குனிந்து சாக்ஸைக் கழற்றினாள்.

ஃபாதர் கணுக்காலைப் பார்த்தார். முகம் மாறவில்லை. தண்ணீரை ஊற்றினார், உள்ளங்கையால் மெல்லத் தடவினார். இருபத்திரண்டு வருஷமாக அந்த இடத்தை அவள் தேய்க்காத தேய்ப்பில்லை, சுரண்டாத சுரண்டல் இல்லை. இவர் தேய்க்கவே இல்லை. அழிக்கப் பார்க்காமல் கழுவ முடியும் என்று அவளுக்கு அன்றுவரை தெரியாது. பிறகு அவர் குனிந்து, சுருங்கிய அந்தத் தோலின் மேலேயே, பெயரின் மேலேயே முத்தமிட்டார். இது இந்த மனிதருடைய முத்தம் மட்டும் இல்லை என்று அவளுக்குப் பட்டது. தன்னை முழுசாகப் பார்த்த பிறகும் ஒருவர் முகம் சுளிக்கவில்லை. அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

ஃபாதர் எட்டாவது நாற்காலிக்கு நகர்ந்தார். மகள் துண்டோடு குனிந்தாள். துடைத்த கை நின்றது. படித்துவிட்டாள்.

"யாரும்மா இது?"

ஆஸ்பத்திரிக் கதை நாக்கு நுனியில்தான் இருந்தது. அவள் அதைச் சொல்லவில்லை.

"வீட்டுக்குப் போய்ச் சொல்றேன். எல்லாத்தையும் சொல்றேன். ஆஸ்பத்திரி எல்லாம் பொய்டி."

மகள் முகத்தில் என்ன ஓடியது என்று கண்டுபிடிக்க முடியவில்லை. விரலிடுக்கு ஈரத்தைக்கூட விடாமல் துடைத்துவிட்டு எழுந்து போனாள்.

சைஸ் அக்கா ஷூவைக் கையில் எடுத்துக்கொண்டு, அத்தனை பேர் பார்க்க, வெறுங்காலோடு மூன்றாவது வரிசைக்கு நடந்தாள். மகள் என்ன சொல்வாளோ, மன்னிப்பாளோ மாட்டாளோ, தெரியாது. ஆனால் காலை மறைக்கத் தோன்றவில்லை.

கணவர் தள்ளி இடம் கொடுத்தார். அவள் காலைப் பார்த்தார்.

"அவகிட்ட சொல்லிட்டியா?"

இருபத்திரண்டு வருஷத்தில் அதைப் பற்றி அவர் கேட்ட முதல் கேள்வி.

"இல்ல. இன்னைக்குச் சொல்லணும்."

"சரி. நானும் கூட உக்காந்துக்கறேன்" என்றார்.