கச்சேரியா, ஆய்வா

இசையில் எம்.ஏ. படிக்க எனக்கு இரண்டு பிரிவிலும் இடம் கிடைத்தது. ஒன்று கச்சேரிப் பிரிவு, பாடிப் பட்டம் வாங்க வேண்டும். மற்றது ஆய்வுப் பிரிவு, அடுத்தவர் பாடுவதைப் பற்றி எழுதிப் பட்டம் வாங்க வேண்டும். பாடத்தான் பிறந்தேன் என்று திமிராகச் சொல்லிக்கொண்டு திரிந்தவள் நான். அந்த நேரம் பார்த்து மயிலாடுதுறையிலிருந்து சம்பந்தம் வந்தது.

மாப்பிள்ளையின் அப்பா தியாகேசன் பஜ்ஜியைப் பிட்டுக்கொண்டே என் அப்பாவிடம் சொன்னார்: "பொண்ணு மேடை ஏறிப் பாடுறதெல்லாம் எங்க குடும்பத்துக்குச் சரிப்படாதுங்க. ஆராய்ச்சின்னா படிக்கட்டும். நாளைக்குப் பேருக்கு முன்னாடி டாக்டர்னு போட்டுக்கலாம்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. 'வேற இடம் பாத்துக்குங்க' என்று சொல்ல வாயெடுத்தேன். அப்பா என்னைப் பார்த்தார். அக்கா வாழாமல் திரும்பி வந்து அடுப்படியில் நின்றுகொண்டிருந்தாள். நான் வாயை மூடிக்கொண்டேன். ஆய்வுப் பிரிவில் சேர்ந்தேன்.

எடுத்த தலைப்பு ஒப்பாரி. திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஒரு சாவு வீட்டுக்கு, முன்னமே அனுமதி கேட்டுக்கொண்டுதான் போனேன். ஓரமாக நின்று போனில் பதிவு செய்வதாக ஏற்பாடு. எழவு வீட்டுக்கு வந்த பொம்பளை கட்டிப்பிடித்து அழாமல் நின்றால் எங்கள் பக்கத்தில் ஆயுசுக்கும் பேசுவார்கள். கையில் போன் இருந்தால் விட்டுவிடுவார்கள் என்று நினைத்தேன், மடச்சி.

செத்தவரின் மகள் கமலவல்லி கையைப் பிடித்து இழுத்தாள். "மரமாட்டம் நிக்காத தாயி, உக்காரு."

தோளோடு தோள் சேர்த்து வட்டத்தில் உட்கார வைத்தார்கள். போன் மடியில் ஓடிக்கொண்டிருந்தது. அவர்கள் தகப்பனுக்கு அழுதார்கள். நானும் வாயைத் திறந்தேன். அடைத்து வைத்திருந்ததெல்லாம் பீறிட்டுக்கொண்டு வந்தது. அப்படி நான் என்றைக்கும் பாடியதில்லை.

ஓய்ந்தபின் கமலவல்லி என் முகத்தைத் துடைத்துவிட்டாள். "ஒனக்கு யாரும்மா செத்தது?"

"யாரும் இல்லக்கா."

மறுவாரம் என் ஆய்வு வழிகாட்டி குந்தவை மேடம் அந்தப் பதிவைக் கேட்டார். பாதியில் நிறுத்தினார்.

"நடுவுல ஒரு குரல் வருதே, யாரது? நல்லா சாதகம் பண்ணின குரல். ஊர்க்காரங்க குரல் இல்ல. இது இருந்தா ஆய்வுக்கு ஆகாதும்மா. வர்ற இடத்தையெல்லாம் வெட்டி எடுத்துடுங்க."

"தெரியல மேடம். அழ வந்த பொண்ணு யாரோ" என்றேன்.

அவர் லேப்டாப்பை என் பக்கம் திருப்பினார். அவர் எதிரிலேயே உட்கார்ந்து வெட்டினேன்.