வெட்டிய அடியும் வெட்டாத சிரிப்பும்

என் மாமியாரைக் கன்னத்தில் அறைந்த படம் எங்கள் கடைச் சரக்கு.

அப்பா பாத்திரக் கடைக்காரர். நசுங்கின குடம், கைப்பிடி போன வாணலி, திவாலான கடைகளின் மிச்சம் மீதி என்று மொத்தமாகப் பேசி வாங்கி, சில்லறையாகத் தள்ளிவிடுவார். ஒருமுறை நொடித்துப்போன படக் கம்பெனி ஒன்றின் கிடங்குக்கு மேசை நாற்காலி வாங்கப் போனவர், பேரம் படியும் நேரத்தில் மூலையில் கிடந்த படப்பெட்டிகளைக் காட்டி, “இதையும் உரிமையோட கொசுறா எழுதிக் கொடுத்துடுங்க” என்றார். விற்றவனுக்கு இடம் காலியானால் போதும் என்றிருந்தது. மேசை நாற்காலியைக் கரையான் தின்றது. பாத்திரக் கடையும் மூடியாயிற்று. கொசுறுதான் இன்று எங்களுக்குச் சோறு போடுகிறது.

அதில் ஒரு படத்தின் நாயகியினுடைய மகளை நான் கல்யாணம் செய்துகொண்டேன். அது தனிக் கதை. ஆனால் அப்பா கடைசிவரை அவளையும் கொசுறுக் கணக்கில்தான் சேர்த்திருந்தார். அத்தையின் காதுக்கு இது எட்டாமல் பார்த்துக்கொள்வதே எனக்குப் பெரிய வேலையாக இருந்தது.

படத்தைச் சொல்லிவிடுகிறேன். கதாநாயகன் வேலை வெட்டி இல்லாதவன். நாயகி படித்தவள், கார் ஓட்டுவாள், பேன்ட் போடுவாள். ஆகவே திமிர் பிடித்தவள். அவன் தெருவில் அவள் வழியை மறிப்பான், துப்பட்டாவை இழுப்பான், கூட்டாளிகளோடு சேர்ந்து பாட்டுப் பாடுவான். நடுநடுவே அவன் நண்பன் ஒரு திக்குவாய்க் குமாஸ்தாவையும் ஒரு குண்டுப் பெண்மணியையும் கேலி செய்வான்; கொட்டகை குலுங்கும். கடைசியில் கல்லூரியே பார்க்க நாயகன் அவளைப் பளாரென்று அறைவான். அவள் கன்னத்தில் கை வைப்பாள். அடுத்த கணம், திரை நிறைய அவள் முகம். சிரிப்பாள். அதற்கடுத்த காட்சியில் புடவை கட்டிக்கொண்டு அவனோடு மலையில் ஆடுவாள். ஒரே அறையில் இவ்வளவு துணி விற்கும் என்று எந்த ஜவுளிக்காரனுக்கும் அதுவரை தெரியாது.

இன்று இந்தக் கதையைத் தூக்கிக்கொண்டு போனால் வாசலில் இருக்கும் காவலாளியே திருப்பி அனுப்பிவிடுவான். ஆனால் எடுத்தாயிற்றே! ஊர் பார்த்தாயிற்றே! மின்கட்டண வரிசையில் நின்றால், “நீங்க அந்த அறை வாங்கினவங்கதானே? என்னமா சிரிச்சீங்க!” என்பார்கள். ரத்த அழுத்தம் பார்க்கிற டாக்டர், அத்தையின் கையில் பட்டையைச் சுற்றிக்கொண்டே, “என் வீட்டுக்காரிக்கும் ஒண்ணு கொடுத்துப் பாக்கணும், சிரிக்கிறாளான்னு” என்றாராம். அழுத்தம் எகிறியது. மாத்திரையைக் கூட்டி எழுதினார். காரணம் தான்தான் என்று அந்த மனிதருக்குக் கடைசிவரை தெரியாது.

இப்படியிருக்க, இணையத்தில் படம் காட்டும் கம்பெனி ஒன்று எங்கள் சரக்கு மொத்தத்தையும் கேட்டது. பேச வந்த ஆள் நல்ல மாதிரிதான். எதைச் சொன்னாலும் “புரியுதுங்க” என்பார். எங்கள் தொழிலில் “முடியாது” என்பவனைக்கூட நம்பலாம். “புரியுது” என்பவனிடம் பையை இறுக்கிப் பிடித்துக்கொள்ள வேண்டும். அவர் போட்ட நிபந்தனை, புண்படுத்தும் காட்சிகளை வெட்டிவிட வேண்டும். படத்துக்கு முன்னால் ஓர் அட்டை வரும்: “இப்படத்தின் சில காட்சிகள் அக்காலத்தில் இயல்பாகக் கருதப்பட்டவை.” அதற்கும் முன்னால் நாயகனும் நாயகியும் அருகருகே உட்கார்ந்து அந்த நாள் கதை நாலு வார்த்தை பேச வேண்டும். பின்னணியில் படப்பெட்டிகள் தெரிந்தால் நன்றாக இருக்கும் என்று, எங்கள் கிடங்கிலேயே விளக்கும் நாற்காலியும் போட்டார்கள்.

அத்தை வர ஒப்புக்கொண்டதே எனக்கு ஆச்சரியம். “நீங்க ஒண்ணும் பேச வேண்டாம் மாப்பிள்ளை, நான் பாத்துக்கறேன்” என்றார். அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும். அத்தைக்குக் கோபம் வந்தால் மரியாதை குறையாது, கூடும். அதுதான் பயம்.

கதாநாயகர் வந்தார். வயது எண்பதை நெருங்குகிறது. கறுப்புக் கண்ணாடி, கறுப்புத் தலை, பளபளக்கும் செருப்பு.

“அம்மா அப்படியே இருக்கீங்களே!” என்றார்.

“நீங்களும் அப்படியேதான் இருக்கீங்க. தலைதான் இன்னும் கொஞ்சம் கறுத்திருக்கு” என்றார் அத்தை. உட்காரவில்லை. “முதல்ல என்னத்த வெட்டினீங்கன்னு காட்டுங்க.”

புரியுதுக்காரர் மடிக்கணினியைத் திறந்து அந்த இடத்தை ஓடவிட்டார். கல்லூரி வாசல். வாய்ச்சண்டை. அவள், “நீயெல்லாம் ஒரு மனுஷனா?” என்று கேட்கிறாள். உடனே திரை நிறைய அவள் முகம். சிரிக்கிறாள். உடனே மலை. புடவை. பாட்டு.

“நிறுத்துங்க” என்றார் அத்தை. “அடி எங்க?”

“அதைத்தாங்க எடுத்தோம். பொம்பளையை அடிக்கிறது இன்னைக்குப் பாக்குறவங்களைப் புண்படுத்தும்.”

“சரி. அப்புறம் எதுக்கு அவ சிரிக்கிறா?”

புரியுதுக்காரர் முதல்முறையாக எதுவும் புரியாமல் பார்த்தார்.

“இல்ல, கேக்கறேன். திட்டிக்கிட்டு இருந்தவ திடீர்னு ஏன் சிரிக்கிறா? காத்து வந்து கிச்சுகிச்சு மூட்டிச்சா? பைத்தியமா அவ?”

“அதுதாம்மா காதல்” என்றார் கதாநாயகர்.

அத்தை அவர் பக்கம் திரும்பவே இல்லை. “வெட்டாத படத்தைப் போடுங்க.”

போட்டார். கை வீசுகிறது. பளார். அவள் தலை திரும்புகிறது. இடது காதின் கம்மல் தெறித்துப்போய் எங்கோ விழுகிறது. கன்னத்தில் கை. அடுத்த கணம் சிரிப்பு. “அப்படியே நிறுத்துங்க” என்று அத்தை திரையருகே போய் விரலை வைத்தார். சிரிக்கிற முகத்தில் இரண்டு காதிலும் கம்மல்.

இந்தப் படத்தை நான் எத்தனை தடவை ஓட்டியிருக்கிறேன், எத்தனை பேருக்கு விற்றிருக்கிறேன்! பித்தளையையும் தங்கத்தையும் தூரத்திலிருந்தே பிரித்துச் சொல்லும் குடும்பத்தில் பிறந்தவன். எனக்குத் தெரியவில்லை.

“கை காத்துல போகும், சத்தத்தை அப்புறம் சேத்துக்கலாம்னு பேசினோம். இவர் நிஜமாவே வெச்சார். காது கொய்யுனு கத்திச்சு. நான் போய் ஒப்பனை அறையில உக்காந்துட்டேன். டைரக்டர் வந்து, ஒரே ஒரு சிரிப்பும்மா, அது இல்லாம படமே நிக்காதும்மான்னு கெஞ்சினார். மாட்டேன்னேன். தயாரிப்பாளர் வந்தார். மாட்டேன்னேன். மாட்டவே மாட்டேன்னு வீட்டுக்குப் போயிட்டேன். மலைப் பாட்டை முன்னாடியே எடுத்து முடிச்சிருந்தாங்க.”

“அப்ப இந்தச் சிரிப்பு?” என்றேன்.

“அது வேற என்னைக்கோ எடுத்தது. விளக்கைச் சரி பாக்கறதுக்காகக் கேமராவை ஓடவிட்டிருந்தாங்க. ஒப்பனைக்கார அக்கா இவரோட டோப்பா காத்துல பறந்த கதையைச் சொன்னா. நான் சிரிச்சேன். கழிச்சுப் போட்ட துண்டுலேர்ந்து அதை எடுத்து ஒட்டியிருக்காங்க. நான் கொட்டகையில உக்காந்து பாத்தப்பதான் எனக்கே தெரிஞ்சுது, நான் சிரிச்சிருக்கேன்னு.”

கதாநாயகரின் கை தன்னையறியாமல் தலைக்குப் போய்த் திரும்பியது.

“பழசையெல்லாம் எதுக்கும்மா கிளறிக்கிட்டு? அந்தக் காலம் அப்படி.”

“அந்தக் காலத்துலதான் நானும் இருந்தேன். எனக்கு அப்படி இல்லையே?” அத்தையின் குரல் உயரவில்லை, பற்கள் மட்டும் ஒன்றோடொன்று அரைபட்டன. “அட்டை போடறாங்களாம் அட்டை, இயல்பாகக் கருதப்பட்டவைன்னு! யாரு கருதினது? நான் மாட்டேன்னு சொன்னேனே, அது எந்தக் காலம்? அதுக்கப்புறம் எனக்கு ஒரு படம் வந்துதா? சொன்ன பேச்சு கேக்காதவன்னு ஊரெல்லாம் சொல்லி வெச்சீங்க. சிரிக்காததுக்கு வேலை போச்சு எனக்கு. ஆனா படத்துல பாத்தா சிரிக்கிறேன். நல்ல வியாபாரம்ங்க உங்களோடது!”

புரியுதுக்காரர் மெதுவாக, “நாங்க இப்ப என்ன செய்யணும்கறீங்க?” என்று கேட்டார்.

“அடியை வைங்க. சிரிப்பை எடுங்க.”

“ஐயையோ” என்றார் கதாநாயகர். இப்போதுதான் கண்ணாடியைக் கழற்றினார். “அந்தச் சிரிப்பை எடுத்துட்டா நான் ரவுடி மாதிரி ஆயிடுவேனேம்மா!”

“மாதிரியா?” என்றார் அத்தை.

அதோடு பேட்டி முடிந்தது. கதாநாயகர் உதவியாளைக் கூப்பிட்டுக்கொண்டு காருக்குப் போய்விட்டார். கூட வந்திருந்த என் மனைவி அம்மாவை அழைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள். நானும் புரியுதுக்காரரும் மட்டும் மீதி.

இந்த இடத்தில்தான் எங்கள் ரத்தம் வேலை செய்தது. இரண்டு பேர் இரண்டு விலை சொல்லிக்கொண்டு நின்றால், நடுவில் ஒரு விலையைக் கண்டுபிடிக்காமல் எங்கள் வீட்டில் யாருக்கும் தண்ணீர் இறங்காது. தாய்ப்பாலோடு குடித்த பழக்கம். கம்பெனிக்கு அடி கூடாது. அத்தைக்குச் சிரிப்பு கூடாது. அப்படியானால்?

“ரெண்டையும் தூக்கிடுங்க” என்றேன். “சண்டை முடிஞ்சதும் நேரா மலை. அட்டையில கருதப்பட்டவைங்கறதையும் எடுத்துடுங்க.”

“புரியுதுங்க” என்று அவர் முகம் மலர்ந்தது. கதாநாயகருக்கும் போன் போட்டுக் கேட்டார். அவருக்கும் சம்மதம். கைகுலுக்கினோம். ஒரு துளி சேதாரமில்லாமல் இரண்டு பக்கத்தையும் இறக்கிவிட்ட பெருமையோடு வீட்டுக்குப் போனேன். வழியில் இனிப்புகூட வாங்கினேன்.

அத்தை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். நான் விஷயத்தைச் சொல்லி முடித்தேன். என் மனைவி கையிலிருந்த துணியைக் கீழே வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அப்போதே ஏதோ உறைத்தது. இனிப்புப் பொட்டலத்தை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனேன்.

“உக்காருங்க மாப்பிள்ளை” என்றார் அத்தை. இஸ்திரிப் பெட்டியை அப்படியே விரிப்பின் மேல் வைத்தார். “தயவு பண்ணி எனக்கு ஒண்ணு விளக்கணும் நீங்க. அடியை எடுத்தாச்சு. சிரிப்பையும் எடுத்தாச்சு. அப்ப என்ன நடந்துது?”

“ஒண்ணும் நடக்கலை அத்தை. அதான் வெட்டியாச்சே.”

“ஒண்ணும் நடக்கலை. ரொம்பச் சரி. அவன் கை வைக்கவே இல்லை. நான் மாட்டேன்னு சொல்லவே இல்லை. நாலு வார்த்தை திட்டினேன், உடனே புடவை கட்டிக்கிட்டு அவன் பின்னாடி போயிட்டேன். இதுதானே மிச்சம்? யாரைக் குளிப்பாட்டிக் கொண்டுவந்திருக்கீங்க நீங்க? என்னையா, அவனையா?”

நான் வாயைத் திறந்தேன்.

“பேசாதீங்க. அவன் அடிச்சதைக்கூட நான் பொறுத்துக்கிட்டேன், அவன் முட்டாள். நீங்க புத்திசாலியாச்சே! பாதிக்குப் பாதி பேசி முடிச்சிருக்கீங்களே, எந்தப் பாதி உங்களோடது? உங்க கன்னமா அது?”

பெட்டியின் சூட்டில் விரிப்பு கருகும் வாசனை வந்தது. யாரும் அதை எடுக்கவில்லை.

எனக்கும் கோபம் வந்தது. முதலில் அத்தை மேல்தான். இத்தனை பெரிய பேரம், இந்த ஒரு படத்துக்காக முழுச் சரக்கும் திரும்பி வந்துவிடுமே என்று. பிறகு புரியுதுக்காரர் மேல். பிறகு அந்தக் கறுப்புக் கண்ணாடி மேல். பிறகு, கழிவுத் துண்டைத் தேடி எடுத்துப் பசை தடவி ஒட்டினானே ஒருவன், அந்த முகம் தெரியாத ஆள் மேல். அவன் ஒட்டியதைத்தானே நான் இவ்வளவு காலம் ஊர் ஊராக விற்றுத் தின்றிருக்கிறேன்! பொத்தல் தெரியாமல் ஈயம் பூசிய குடத்தை நல்ல குடம் என்று விற்றால் வாங்கினவன் வந்து சட்டையைப் பிடிப்பான். இதற்கு ஒருவனும் வரவில்லை. வந்திருக்க வேண்டியவர் என் வீட்டிலேயே இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார்.

போனை எடுத்தேன். ஒலிபெருக்கியில் போட்டேன்.

“பேசினது ரத்து. அடி இருக்கணும், சிரிப்பு போகணும், அட்டை கிடையாது. இல்லைன்னா சரக்கு கிடையாது.”

“புரியுதுங்க, ஆனா கைகுலுக்கினோமே…”

“குலுக்கினது நான். அறை வாங்கினது நான் இல்லை. உங்க விலையைக் குறைச்சுச் சொல்லுங்க, கேக்கறேன். இதுல குறைக்க மாட்டேன்.”

“அப்படின்னா எங்களால முடியாதுங்க. மொத்தத்தையும் விட்டுட வேண்டியதுதான். மேலிடத்துல காரணம் கேப்பாங்க. என்னன்னு சொல்றது?”

அத்தை என் கையிலிருந்து போனைப் பிடுங்கினார்.

“அந்தப் பொண்ணு சிரிக்கலையாம்னு சொல்லுங்க.”

“புரியுதுங்கம்மா.”

“புரிஞ்சது போதும். நான் சொன்னதை நீங்க திருப்பிச் சொல்லுங்க.”

“அம்மா…”

“சொல்லுங்க.”

“அந்தப் பொண்ணு சிரிக்கலை.”

“கேக்கலை. எனக்கு இடது காது மந்தம்.”

“அந்தப் பொண்ணு சிரிக்கலைங்க!” என்று அந்த மனிதர் கத்தினார். அவர் அலுவலகத்தில் யாரோ, “என்னாச்சு?” என்று கேட்பதும் எங்களுக்குக் கேட்டது.

அத்தை போனை வைத்தார். ஆறிவிட்டார் என்று நினைத்து நான் மூச்சு விட்டேன். ஒரு படம் அல்ல, கிடங்கு மொத்தமும் என் தலையில் திரும்ப வந்து உட்கார்ந்திருந்தது. அதை எங்கே, எவனிடம் தள்ளுவது என்று மனம் அதற்குள் கணக்குப் போடத் தொடங்கியிருந்தது.

“என்ன மாப்பிள்ளை முழிக்கிறீங்க?” என்றார் அத்தை, போனை என்னிடம் நீட்டி. “அந்தக் கிழவன் நம்பரைப் போடுங்க.”