நூற்றிருபது வரை

உதடுகள் அசைகின்றன, காரின் முன்கண்ணாடிக்குப் பின்னால் அவருடைய உதடுகள் மட்டும், வண்டி வாசலுக்கு வந்து நின்றுவிட்டது, என்ஜின் ஓடிக்கொண்டிருக்கிறது, மாலை வெயில் கண்ணாடியில் விழுந்து முகத்தில் பாதியை அழித்திருக்கிறது, மிச்சப் பாதியில் அந்த வாய் யாரிடமோ மெதுவாக, விடாமல் பேசுகிறது, நான் சமையலறை ஜன்னலில் நின்று முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டு பார்க்கிறேன், ஒரு நிமிடம், இரண்டு நிமிடம், பிறகுதான் என்ஜின் அடங்குகிறது, ஏனுங்க, வந்து நின்னுக்கிட்டு அவ்வளவு நேரமா என்ன பண்ணுனீங்க என்று கேட்கிறேன், பாட்டு முடியட்டும்னு உக்காந்திருந்தேன் கண்ணு என்கிறார், காபி இருக்குதா என்கிறார், எனக்குப் பாட்டு எதுவும் கேட்கவில்லை, எனக்கா கேட்காது, ஆஸ்பத்திரியில் இருபது வருடமாக ஊர்க்காரர்களின் காதுகளைச் சோதிக்கிறவள் நான், சத்தம் புகாத கண்ணாடி அறைக்குள் ஆளை உட்காரவைத்து, மெல்லிய ஒலிகளை ஒவ்வொன்றாக அனுப்பி, கேட்டால் விரலைத் தூக்குங்கள் என்று சொல்லிவிட்டு வெளியே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பேன், நான் எதையும் அனுப்பாதபோதும் சிலர் விரலைத் தூக்குவார்கள், பொய் சொல்கிறவர்கள் இல்லை, காத்திருந்து காத்திருந்து அவர்களுக்கு உண்மையாகவே கேட்டுவிடும், நானும் அப்படித்தான் விரலைத் தூக்குகிறேனா என்று அன்றைக்கு இரவுச் சாப்பாட்டின்போது நினைத்தேன், எதிரில் அவர் ரசத்தைப் பிசைந்துகொண்டிருந்தார், நல்லசிவம் என்று பெயர் வைத்தவர்கள் யோசித்துத்தான் வைத்திருக்கிறார்கள் என்று எல்லோரும் சொல்லும் முகம்.

அந்த முகத்துடன்தான் அவர் பைக் பந்தயத்தை விட்டதும், அப்போது மகள் என் வயிற்றில் ஏழு மாதம், ஞாயிற்றுக்கிழமையானால் பந்தயத்துக்குப் போய் முழங்கையைத் தேய்த்துக்கொண்டு வருவார், ஒரே ஒரு தடவை கேட்டேன், நீங்க விழுந்துட்டா நானும் இந்தப் புள்ளையும் என்னங்க பண்றது, மறுநாள் காலை போர்டிகோவில் எண்ணெய்க் கறை மட்டும் இருந்தது, பைக் இல்லை, சண்டை இல்லை, ஒரு முணுமுணுப்புகூட இல்லை, அதை அன்பு என்று எடுத்துக்கொண்டு பதினெட்டு வருடம் இருந்துவிட்டேன், மகள் சென்னை விடுதிக்குப் போய் வீட்டில் இரண்டே பேர் என்று ஆன பிறகுதான் தோன்றுகிறது, அவ்வளவு ஆசைப்பட்ட ஒன்றை ஒரே ராத்திரியில் விட்டவர் அந்த ஆசையை எங்கே கொண்டுபோய் வைத்தார், என்னிடம் சொல்லாமல் விடத் தெரிந்தவருக்குச் சொல்லாமல் எடுத்துக்கொள்ளவும் தெரியுமே, சட்டையை முகர்ந்து பார்க்கிறேன், கேவலமாகத்தான் இருக்கிறது, செண்ட் வாசனை இல்லை, காய்ந்த இரும்பின் வாசனை, செவ்வாயும் வெள்ளியும் வண்டி எனக்கு, சாவியைக் கொடுப்பதற்கு முன்னால் உள்ளே குனிந்து ஸ்டீரிங்குக்கு அடியில் கையை விட்டு எதையோ தொட்டுவிட்டுத்தான் நிமிர்வார், என்னங்க அங்க, மிதியடிய இழுத்துவிட்டேன் கண்ணு, என் கையில் வண்டி சாதுவாகப் போகும், மேம்பாலம் ஏறும்போது கொஞ்சம் மூச்சு வாங்கும், வயசாயிருச்சு போல வண்டிக்கு என்று நானே ஒருநாள் அவரிடம் சொன்னேன், ஆமா என்றார், கண்ணைப் பார்க்காமல்.

அவர் குளிக்கும்போது போனை எடுத்தேன், அதையும் செய்துவிட்டேன், பெ என்று ஒற்றை எழுத்தில் ஒரு பெயர், வாரத்துக்கு நான்கு அழைப்பு, ஞாயிற்றுக்கிழமை காலைகளில் தவறாமல், அந்த எண்ணை ஒரு மருந்துச்சீட்டின் பின்னால் எழுதி இரண்டு நாள் பையில் வைத்திருந்தேன், மூன்றாம் நாள் பரிசோதனை அறைக்குள்ளேயே போய், என் இதயம் எனக்கே கேட்கும் அந்த இடத்தில் நின்று அழைத்தேன், ஒரு பெண்ணின் குரலுக்குத் தயாராக, பெர்னார்டு டியூனிங்கு, சொல்லுங்க என்றது கட்டையான ஆண்குரல், பின்னால் ஸ்பேனர் விழும் சத்தம். விலாசம் கேட்டுக்கொண்டு, மதியம் கணபதிப் பகுதியில் அந்தக் கடை வாசலில் நிற்கிறேன், கையைத் துடைத்துக்கொண்டு வந்தவரிடம் நல்லசிவம் வீட்டுல இருந்து வர்றேன் என்றதும் அவர் முகம் வாடியது, அய்யோ அக்கா, சார் வண்டி எங்காவது நின்னுபோச்சுங்களா, நிக்கல, என்ன பண்ணுனீங்கன்னு சொல்லுங்க, ஒண்ணுமில்லீங் அக்கா, என்ஜினுக்குக் காத்து ஊதற டர்போ கம்பெனி டர்போவேதான், அதை மாத்தவே இல்ல, காத்த ஆத்தற இன்டர்கூலர் பெருசு, சைலன்சர் வழி சத்தம் மாறாத அளவுக்குக் கொஞ்சம் அகலம், மத்தபடி கம்ப்யூட்டர்ல ரீமேப்பு, என்ஜினோட ஃபைல மாத்தி எழுதறது, இருக்கற டர்போவயே இன்னும் கொஞ்சம் ஊதவிடறோம், நூறு குதிரை சக்தி நூத்திமுப்பது ஆகும், பெரிய டர்போ போட்டா இன்னும் எகிறும்னு நாந்தான் சொன்னேன், சார் ஒரே பேச்சுல வேண்டாம்னுட்டாரு, ஏன், சொல்லத் தயங்கிச் சிரித்தார், மாத்துனா சத்தம் மாறிருமுங்க, எங்க வீட்டுக்காரம்மா காது சும்மா காது இல்ல பெர்னார்டு, தெருமுனையிலயே கண்டுபிடிச்சிரும்னாரு, அப்ப நான் ஓட்டறப்ப என்றேன், அதுக்குத்தான் ஸ்டீரிங்குக்கு அடியில ஒரு சுவிட்சுங்க, மேல தள்ளுனா புது ஃபைலு, கீழ இழுத்தா கம்பெனி ஃபைலு, அக்காவுக்குக் கீழ.

அப்புறம் அந்த ரெண்டு நிமிஷம், வீட்டுக்கு வந்தும் இறங்காம யாருகிட்டப் பேசறாரு என்று கேட்டேன், என் குரல் எனக்கே பிடிக்கவில்லை, பேசறாரா, எண்ணறாருங்க அக்கா, விரட்டிட்டு வந்து டக்குனு ஆஃப் பண்ணுனா டர்போ கொதிச்சுக் கிடக்கும், உள்ள ஆயில் கருகிரும், அதுவும் அளவுக்கு மேல ஊதவிடற சின்ன டர்போ, அப்படியே ஓடவிட்டு நூத்திருபது எண்ணுங்கன்னு சொல்லிவெச்சேன், சின்னப் பையன் கணக்கா வாய்விட்டு எண்ணுவாரு.

நெஞ்சிலிருந்து ஒரு கல் இறங்கியிருக்க வேண்டும், இறங்கத்தான் இறங்கியது, இறங்கிய இடத்திலிருந்து வேறொன்று எட்டிப் பார்த்தது, என் காதுக்குப் பயந்து ஒரு மனிதர் ஓர் இயந்திரத்தையே அடக்கிவைத்திருக்கிறார், எனக்கென்று ஒரு ஃபைல், அவருக்கென்று ஒன்று, வண்டிக்கு மட்டும்தானா, பதினெட்டு வருடமாக எனக்கு எதிரில் ரசம் பிசைகிறவர் எந்த ஃபைலில் ஓடிக்கொண்டிருக்கிறார், பைக்கைப் பற்றி நான் கேட்டது ஒரு கேள்விதான், அதை உத்தரவாகக் கேட்டுக்கொண்டாரா, இல்லை, நான் உத்தரவாகத்தான் கேட்டேனா, அன்றைக்கு என் குரல் எப்படி இருந்தது என்று எவ்வளவு யோசித்தும் எனக்குக் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை, ஆஸ்பத்திரியிலிருந்து கிளம்பும்போது ஸ்டீரிங்குக்கு அடியில் விரலால் துழாவுகிறேன், ஒரு சின்னக் குமிழ், மேலே தள்ளுகிறேன், வீட்டுப் பக்கம் திரும்பாமல் பைபாஸுக்கு ஏறுகிறேன், காலை அழுத்தியதும் ஒரு கணம் ஒன்றுமில்லை, பிறகு முதுகை இருக்கை வந்து அறைகிறது, எங்கோ அடியில் மெல்லிய சீழ்க்கை எழுந்து ஏறுகிறது, இத்தனை நாள் என்னிடம் காட்டாமல் வைத்திருந்த குரல், நான் சிரிக்கிறேன், வாய்விட்டு, தனியாக, பைக்கில் அவர் இப்படித்தான் சிரித்திருப்பார், அந்தச் சிரிப்பை நான் ஒருமுறைகூடக் கேட்டதில்லை, நீலாம்பூர் வரை போய்த் திரும்பி வருகிறேன், வாசலில் வண்டியை நிறுத்துகிறேன், சாவிக்குப் போன கை தானாக நிற்கிறது, ஒன்று, இரண்டு, மூன்று, கண்ணாடியில் மாலை வெயில், என் முகத்திலும் பாதி அழிந்திருக்கும், எழுபதில் நிமிர்கிறேன், சமையலறை ஜன்னலில் அவர், கையில் காபி டம்ளர், என் உதடுகளையே பார்க்கிறார், எண்பத்தைந்தில் டம்ளரைக் கீழே வைக்கிறார், நூறில் வாசலுக்கு வந்து நிற்கிறார், யாருகிட்டப் பேசிட்டிருக்கற என்றுதான் கேட்கிறாராக இருக்கும், கண்ணாடி ஏற்றியிருக்கிறது, எனக்குக் கேட்கவில்லை, உதடுகள் அசைவதுதான் தெரிகிறது, நூற்றிருபது, சாவியைத் திருப்பிவிடலாம், இறங்கிப்போய்ப் பாட்டு முடியட்டும்னு உக்காந்திருந்தேங்க என்று சொல்லிவிடலாம், அவர் நெற்றி சுருங்கிக்கொண்டே போகிறது, அந்தச் சுருக்கம் எனக்குத் தெரியும், ஆறு வாரமாக அது என் நெற்றியில்தான் இருந்தது, நூற்றிருபத்தொன்று, நூற்றிருபத்திரண்டு.