அன்று எரிந்த அடுப்பு

திரையில் எட்டு வீட்டுப் பெண்கள் எட்டுச் சட்டியோடு சாவு வீட்டுக்குள் நுழைந்தபோது, பதுளை மண்டபத்தில் இருந்தவர்கள் எல்லாம் மூக்கைச் சிந்தினார்கள். பின்வரிசையில் வடைத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த இராக்கம்மாவுக்கு மட்டும் அழுகை வரவில்லை. வயிறு எரிந்தது.

படம் எடுத்தவன் கிஷாந்தன் என்கிற உள்ளூர்ப் பையன். கொழும்பு மாடிவீட்டில் தனியாகப் பார்சல் சோறு தின்கிற ஒருவன், தாய் செத்துத் தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்துக்கு வருகிறான். சாவு வீட்டில் அடுப்பு மூட்டக் கூடாது என்று லயமே சோறு கொண்டுவருகிறது. அவ்வளவுதான் கதை. படம் முடிந்ததும் தேநீரோடு கொடுக்க வடை சுடச் சொன்னவர்கள், படத்தையும் பார்த்துவிட்டுப் போகச் சொன்னார்கள். போயிருக்க வேண்டும், பார்க்காமல்.

முன்வரிசையில் கைக்குட்டையும் கையுமாக இருந்தவர் லீலாதேவி டீச்சர். யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்து, இராக்கம்மாவின் அடுத்த அறையில் பதினோரு வருடமாகக் குடியிருப்பவர். நடுவில் ஒரு சுவர்தான்.

ஐந்து மாதத்துக்கு முன், ஐப்பசி மழையில், இராக்கம்மாவின் புருஷன் இராமையா சுவருக்கு இந்தப் பக்கம், அவள் அறையில் செத்தார். மடுல்சீமைப் பாதையில் மண் சரிந்து பஸ் நின்றுபோயிருந்தது. சொந்தத்தில் நாலு ஆண்கள் மட்டும் எப்படியோ வந்து, அடக்கத்தை முடித்துவிட்டு, உடனே திரும்பினார்கள். ஒரே முற்றத்து வளவில் அவளுடையதைத் தவிர மூன்று வீட்டுக் கதவு. ஒரு கதவிலிருந்தும் ஒரு தட்டுச் சோறு வரவில்லை. பார்த்துப் பார்த்து, பசி தாங்காமல், புருஷனை மண்ணுக்குக் கொடுத்த அன்றே அவளே ஈர விறகை வைத்து அடுப்பை ஊதினாள். அப்போதுதான் டீச்சர் கதவைத் தட்டினார். சோறோடு வந்திருக்கிறார் என்று நினைத்து ஓடிப்போய்த் திறந்தாள், பைத்தியக்காரி.

“புகை இஞ்சால வருது. யன்னலைச் சாத்துங்கோ.”

சாத்தினாள். அன்றிலிருந்து சாத்தியேதான் சமைக்கிறாள், கண் எரிய எரிய. யாழ்ப்பாணத்து ஆட்களுக்கு இந்த வழக்கம் தெரியாதாக்கும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். அந்த ஒரு சமாதானத்தில்தான் ஐந்து மாதமும் ஓடியது.

மண்டபத்தில் விளக்குகள் எரிந்தன. கருத்துச் சொல்லும்படி கிஷாந்தன் கேட்க, டீச்சர் எழுந்தார்.

“எங்கட ஊரிலயும் இப்பிடித்தான் தம்பி. செத்த வீட்டில அடுப்பு மூட்ட அயல்சனம் விடாது. இந்தச் சனத்தின்ர ஒற்றுமையைப் பார்க்க நெஞ்சு உருகுது.”

எல்லாரும் கைதட்டினார்கள். இராக்கம்மா எழுந்த வேகத்தில் தட்டு சரிந்து இரண்டு வடை தரையில் உருண்டன.

“அப்ப ஒங்களுக்கும் தெரியும்ல, டீச்சர்?”

மண்டபமே திரும்பிப் பார்த்தது.

“தெரியாதவங்கன்னு நெனச்சு மனசத் தேத்திக்கிட்டேன். தெரிஞ்சுதானா சும்மா இருந்தீங்க?”

டீச்சர் தடுமாறினார். “உங்கட ஆக்கள் சாப்பாடு கொண்டுவந்திருப்பினம் எண்டு நினைச்சன், இராக்கம்மா.”

“அவங்க கொண்டுவந்திருந்தா அடுப்பு ஏன் எரியுது? பொக வந்துச்சுன்னுதானே கதவத் தட்டுனீங்க! அது எந்த வீட்டுப் பொகன்னு தெரியாமலா தட்டுனீங்க? படத்துல செத்தவளுக்கு அழுவுறீங்க. பக்கத்துல செத்தவருக்கு ஜன்னலச் சாத்தச் சொன்னீங்க!”

டீச்சர் கைக்குட்டையை மடித்துக்கொண்டு உட்கார்ந்தார். கிஷாந்தன் ஓடிவந்தான்.

“அம்மா, இத அப்படியே ஒரு படமா எடுக்கலாம்...”

“எடுத்துக் கிழிச்ச. வடையப் புடி, ஆறிப்போவுது.”

தட்டை அவன் கையில் திணித்துவிட்டு வெளியே வந்தாள்.

மறுநாள் பின்னேரம் கதவு தட்டப்பட்டது. மூடிய தட்டோடு டீச்சர் நின்றார். கண் வீங்கியிருந்தது. சோறும் கத்தரிக்காய்க் குழம்பும் கமகமவென்று மணத்தன. காலையிலிருந்து சாப்பிடாத இராக்கம்மாவின் கை தன்பாட்டில் நீளப் பார்த்தது. இழுத்துக்கொண்டாள்.

“இன்னைக்கு எங்க வீட்டுல யாரும் சாகல, டீச்சர்.”

கதவைச் சாத்தினாள். விறகுக் கட்டிலிருந்து ஈரமானதாகப் பார்த்து உருவி அடுப்பில் வைத்தாள். ஜன்னல் இரண்டையும் அகலத் திறந்துவிட்டு, நன்றாகக் குனிந்து ஊதினாள்.