அழாத வாயாடி

வெல்டருக்கு அன்று பெருமை தாங்கவில்லை. டான்சில் ஆபரேஷன் முடிந்து மூன்றாம் நாள், ஆறு வயது மகள் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. "என் ரத்தம்ல, வேற எப்படி இருக்கும்!" என்று அவள் எதிரிலேயே போனில் பட்டறை ஆட்களிடம் பீற்றிக்கொண்டார்.

தீப்பொறி பட்டு அவர் கையெல்லாம் தழும்பு. ஒரு மாத்திரை போட்டிருப்பாரா? ம்ஹூம்! முதல் இரண்டு நாளும் பஸ் கண்டக்டரான மனைவி லீவு போட்டு, ஆஸ்பத்திரிச் சீட்டில் எழுதியிருந்தபடி மணி தவறாமல் வலி மருந்து கொடுத்தாள். இன்று அவள் டியூட்டிக்குப் போனதும் பாட்டில் மூடியே திறக்கவில்லை. அழாத பிள்ளைக்கு மருந்து எதற்கு என்பது இவர் கட்சி.

மாலையில் மனைவி தோள்பையைக்கூட இறக்காமல் தண்ணீர் ஜாடியைப் பார்த்தாள். அது நிரம்பியிருந்தது.

"தண்ணி குடிச்சாளா?"

"வேண்டாம்னா, விட்டுட்டேன்."

"ஒண்ணுக்குப் போனாளா?"

"அதை நான் கவனிக்கலையே."

மகளைத் தூக்கி உட்காரவைத்தபோது தலையணைக்கு அடியில் ஒரு துண்டு, சொட்டச் சொட்ட ஈரம். அத்தனையும் எச்சில். வீடே அதிரப் பேசும் வாயாடி, விழுங்கினால் வலிக்குமென்று நாள் முழுக்க அதில் துப்பிக்கொண்டு கிடந்திருக்கிறாள்!

மனைவி கத்தவில்லை, நேரே ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டாள். என்ன நிதானம் அவளுக்கு!

"எச்சில்ல ரத்தம் இருக்கா பாருங்க," என்றார் நர்ஸ்.

"இல்ல சிஸ்டர்."

"சீட்டுல உள்ள அளவு மட்டும் கொடுங்க. விட்டதையும் சேர்த்துக் கொடுத்துடாதீங்க. அரைமணி கழிச்சுக் கொஞ்சம் கொஞ்சமா தண்ணி. ஒரு மணி நேரம் பாருங்க. அப்பவும் குடிக்கலன்னா உடனே தூக்கிட்டு வாங்க, டிரிப்ஸ் போடணும். ரத்தம் வந்தா ஒரு நிமிஷம்கூட நிக்காதீங்க."

"ஏன்டா கண்ணு அப்பாகிட்ட சொல்லல?" என்றார் வெல்டர்.

"அழுதா... உங்க புள்ள இல்லன்னு சொல்லிடுவீங்களே," என்றாள் மகள், காற்றாக வந்த குரலில்.

நெருப்போடு மல்லுக்கட்டும் கை, சீட்டைப் பார்த்து அளவு பிசகாமல் மருந்தை ஊற்றிக் கொடுத்தது. அரைமணி கழித்து ஒரு வாய் உள்ளே போனது. பிறகு இன்னொன்று. டம்ளர் காலியாகிக் கொஞ்ச நேரத்தில் அவள் பாத்ரூமுக்குப் போய் வந்தாள். அவர் கதவுக்கு வெளியே நின்று பச்சைப்பிள்ளை மாதிரி அழுதார்.

அடுத்த வேளைக்கு மணி பார்த்து அவரே மருந்தோடு வந்தார்.

"இப்ப வலிக்கலையேப்பா, எதுக்கு?"

"வலிக்காம இருக்கத்தான்டா. நீ அழற வரைக்கும் காத்திருந்தது அப்பாவோட தப்பு. வலிய மறைக்கிறது தைரியம் இல்லம்மா. வலிக்குதுன்னு வாய்விட்டுச் சொல்லு, அதுதான் தைரியம். அப்பவும் நீ என் புள்ளதான்."