பத்து எண்ணுவதற்குள்

எங்கள் நாடகக் குழுவில் ஒரு வழக்கம் உண்டு. கோமாளி வேடம் போடுகிறவர்தான் முதலில் மூக்கின் மேல் வெள்ளை வைக்க வேண்டும். அதற்கு முன்னால் ராஜா வேடக்காரரோ கதாநாயகியோ வண்ணக் கிண்ணத்தைத் தொடக்கூடாது. எங்கள் கோமாளி ஒரு பெண். பெயர் சாய்ஹூன். இருபத்திரண்டு வருடமாக அவள் மூக்கில் வெள்ளை ஏறிய பிறகுதான் நான் என் இரண்டு தந்தி வாத்தியத்துக்குச் சுருதி சேர்க்கிறேன். அந்த வெள்ளைக்காக எல்லோரும் ஒன்றரை மணி நேரம் காத்திருந்தது ஒரே ஒரு மாலையில்தான்.

தாவ்கீ துறைமுகத்தில் கடல் தாயின் பிறந்தநாள் விழா. இரண்டு நாள், நாளுக்கு இரண்டு ஆட்டம். கோயிலுக்கு எதிரே லாரியை நிறுத்திப் பக்கப் பலகையை இறக்கினால் அதுதான் மேடை. மற்ற ஊர்களில் மதிய ஆட்டத்தைச் சாமி மட்டும்தான் பார்க்கும். தாவ்கீயில் விழா முடியும்வரை படகுகள் கிளம்பாது என்பதால் மதியமே சிவப்பு முக்காலிகள் நிறைந்துவிடும்.

எங்களிடம் எழுதி வைத்த வசனம் கிடையாது. ஆட்டத்துக்கு ஒரு மணி நேரம் முன்பு தலைவர் பொக்சான் கதையை வாயால் சொல்வார். யார் எப்போது வருவது, எப்போது போவது, அவ்வளவுதான். மீதி அவரவர் பாடு. சாய்ஹூன் அந்த மீதியை ஊரிலிருந்து எடுப்பாள். முதல் நாளே வந்து சந்தையில் சுற்றுவாள். ஓர் ஊரில் முடிவெட்டுகிறவர் தும்முகிற விதம், இன்னோர் ஊரில் கோயில் கணக்கர் நாற்காலியில் உட்காருகிற விதம். மறுநாள் அது மேடையில் இருக்கும். ஊர் சனம் யார் என்று கண்டுகொண்டு சிரிக்கும். கேலிக்கு ஆளானவரே மறுநாள் ஒரு மீனைக் காகிதத்தில் சுற்றிக் கொண்டுவந்து அவளிடம் கொடுத்துவிட்டுப் போவார்.

விழாவுக்கு முந்தைய மாலை நாங்கள் இருவரும் படகுத்துறைக் கடையில் பால்மீன் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தோம். எதிரே அலைத்தடுப்புச் சுவரின் மேல் ஒரு பெண் ஏறி நின்றாள். ஐம்பதைத் தாண்டியிருப்பாள். ரப்பர் பூட்ஸ், பூப்போட்ட துணி கட்டிய தொப்பி, இடுப்பில் ஓர் அலுமினியப் பேசின். கடலைப் பார்த்துக் கத்தினாள்.

"ஏ சுயிலாய், சோறு ஆறிப்போச்சு. எத்தனை வாட்டி சூடு பண்றது? நான் என்ன உங்கம்மா வீட்டு வேலைக்காரியா? பத்து எண்ணுறேன். அதுக்குள்ள வரல, எல்லாத்தையும் நாய்க்குப் போட்டுருவேன். ஒண்ணு."

சாய்ஹூன் கரண்டியை வைத்துவிட்டாள்.

"அண்ணே, அந்த இடுப்பைப் பாருங்க. வாய் பேசல, இடுப்புதான் பேசுது."

கடைக்காரரைக் கூப்பிட்டு, "யாருங்க அது?" என்றாள்.

"கிம்தோ."

"யாரைத் திட்டுறாங்க?"

"வீட்டுக்காரரை. இன்னும் வரல." அவர் எங்கள் மேசையைத் துடைக்க ஆரம்பித்தார். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

அப்போது நான் ஒன்றைப் பார்த்தேன். படகுத்துறைத் தெருவில் ஜன்னல்கள் ஒவ்வொன்றாகச் சாத்தப்பட்டன. கோபமாக இல்லை, தூங்குகிற பிள்ளை எழுந்துவிடக்கூடாது என்பதுபோல மெதுவாக. இந்தப் புழுக்கத்தில் எதற்கு என்று தோன்றியது. கேட்கவில்லை. நான் கேட்கிற ஆள் இல்லை. கஞ்சியைக் குடித்து முடித்தேன்.

மறுநாள் மதியக் கதையில் ஒரு சண்டைக்காரி மனைவி வருவாள். சூதாட்டக் கடைக்குப் போன புருஷனைக் கூப்பிட வேண்டும். புருஷன் வேடம் பொக்சானுக்கு. சாய்ஹூன் பேசினை வலது இடுப்பில் இடுக்கிக்கொண்டு வந்தாள். சனங்களையே கடலாக நினைத்துக்கொண்டு நின்றாள்.

"ஏய், சோறு ஆறிப்போச்சு. எத்தனை வாட்டி சூடு பண்றது?"

அச்சு அசலாகக் கிம்தோவின் குரல். குழந்தைகள் சிரித்தார்கள். ஓர் ஆள் சிரிக்கத் தொடங்கி வாயைப் பொத்திக்கொண்டார். அவள் 'நாலு' என்று சொல்லும்போது என் வாத்தியம் மட்டும்தான் கேட்டது. சிரிப்பு வராவிட்டால் கோமாளி குரலை உயர்த்துவாள். அவளும் உயர்த்தினாள். அஞ்சு. ஆறு. பிறகு மூன்றாவது வரிசையில் ரப்பர் பூட்ஸைப் பார்த்தாள். கிம்தோ அங்கே உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு இரண்டு பக்கமும் இருந்தவர்கள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஏழு" என்றாள் சாய்ஹூன். திரும்பி உள்ளே போய்விட்டாள். திரைக்குப் பின்னால் பத்துக்காகக் காத்திருந்த பொக்சான் அப்படியே நின்றார். எதையோ வாசித்து நான் அந்த இடத்தை நிரப்பினேன்.

ஆட்டம் முடிந்ததும் கோயில் நிர்வாகி வந்தார். அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தாங்கியிருக்கலாம்.

"போன வருஷம் ஆறாம் மாசம் அடிச்ச புயல்ல சுயிலாய் படகு போச்சு. ஆள் கிடைக்கல. ஆளே கிடைக்காம எதுக்குக் காரியம் பண்ணணும்னு கிம்தோ கேட்டுட்டா. தெனம் சாயங்காலம் போய்க் கூப்பிடுவா. நாங்க யாரும் அதைப்பத்திப் பேசுறதில்லம்மா. ஜன்னலைச் சாத்திக்குவோம். வேற என்ன பண்ண?"

மாலை ஆட்டம் ஏழு மணிக்கு, அதே கதை. நாலரைக்கு சாய்ஹூன் கண்ணாடி முன்னால் உட்கார்ந்தாள். வெள்ளைக் கிண்ணம் அவள் முன்னால் இருந்தது. ஐந்தானது. ஐந்தரையானது. அவள் தூரிகையைத் தொடவில்லை. நாங்கள் பதினோரு பேர் வெறும் முகத்தோடு உட்கார்ந்திருந்தோம்.

"சாமிக்குப் பிறந்தநாள். நிறுத்த முடியாது" என்றார் பொக்சான்.

"தெரியும்."

"அப்ப வை."

"வேற யாரையாவது வைக்கச் சொல்லுங்க."

"வேற கோமாளி ஏது?"

ராஜா வேடக்காரர் கண்ணாடியில் தன்னைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "என் நிஜ மூஞ்சியோட மேடை ஏறினா ஊர்க்காரங்க அடுத்த வருஷம் பொம்மலாட்டத்துக்குச் சொல்லிடுவாங்க." யாரும் சிரிக்கவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து நான் சொன்னேன். "நேத்து அவங்க கத்தும்போது தெருவுல ஜன்னல் சாத்தினாங்க. நான் பாத்தேன்."

சாய்ஹூன் கண்ணாடி வழியாகவே என்னைப் பார்த்தாள்.

"சொல்லியிருக்கலாம்ல, அண்ணே."

"சொல்லியிருக்கலாம்."

லாரியின் ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது.

ஆறு மணிக்குப் பின்பக்கத் துணியை விலக்கிக்கொண்டு கிம்தோ உள்ளே வந்தாள். எல்லோரும் எழுந்துவிட்டோம்.

"அக்கா, மன்னிச்சிருங்க. எனக்குத் தெரியாது" என்றாள் சாய்ஹூன்.

"தெரிஞ்சிருந்தா பண்ணியிருப்பியா?"

"மாட்டேன்க்கா."

"ம்." கிம்தோ எங்கள் முகங்களைச் சுற்றிப் பார்த்தாள். "ஏன் எல்லாரும் காய்ச்சல்காரங்க மாதிரி உக்காந்திருக்கீங்க?"

பொக்சான் வழக்கத்தைச் சொன்னார். அவள் கேட்டுக்கொண்டாள். பிறகு சாய்ஹூனிடம் திரும்பினாள்.

"பேசினை நான் இடது பக்கம்தான் வைப்பேன். வலது இடுப்புல எனக்கு வலி."

"சரிக்கா."

"ஏழோட ஏன் நிறுத்தின?"

சாய்ஹூன் தன் முக்காலியை அவள் பக்கம் நகர்த்தினாள்.

"ஒம்பது மாசமா எண்ணுறேன். ஒருநாளும் பாதியில விட்டதில்ல. நீ பாட்டுக்கு ஏழுல விட்டுட்டுப் போயிட்ட. மத்தியானத்துலருந்து எனக்கு ஏழுலயே நிக்குது, எட்டு வரமாட்டேங்குது." பொக்சான் பக்கம் திரும்பினாள். "பத்து எண்ணினா அந்த ஆளு வந்திருப்பானா?"

"வந்திருப்பேங்க. ரெண்டு காதையும் பிடிச்சுக்கிட்டு, முட்டி போட்டு."

"அப்ப எண்ணச் சொல்லு." துணியை விலக்கியவள் நின்றாள். "இன்னிக்கு நான் சுவத்துப் பக்கம் போகல. மூணாவது வரிசையில இருப்பேன்."

அவள் போன பிறகு சாய்ஹூன் தூரிகையை எடுத்தாள். வெள்ளை கொஞ்சம் கோணலாக ஏறியது. அவள் அதைத் திருத்தவில்லை.

அந்தக் காட்சி வந்தபோது பேசின் இடது இடுப்பில் இருந்தது. சோறு ஆறிப்போச்சு என்றாள். ஒருவரும் சிரிக்கவில்லை. ஒன்று, இரண்டு என்று எண்ணினாள். ஏழு சொன்னதும் நின்று மூச்செடுத்தாள். எட்டு. ஒன்பது. பத்து.

பொக்சான் காதைப் பிடித்துக்கொண்டு முட்டியால் நகர்ந்து வந்தார். இந்த இடத்தில் அவள் பேசினைக் கொண்டு அவர் தலையில் அடிக்க வேண்டும். அடிக்கவில்லை. பேசினை அவர் முன்னால் வைத்தாள். உள்ளே ஒன்றுமில்லை. பொக்சான் அதிலிருந்து அள்ளிச் சாப்பிடத் தொடங்கினார். அவர் சாப்பிடுவதை அவள் பார்த்துக்கொண்டே நின்றாள். நான் வில்லைத் தந்தியிலிருந்து எடுத்துவிட்டேன்.

மூன்றாவது வரிசையிலிருந்து குரல் வந்தது. "என்ன பாத்துக்கிட்டு நிக்கிற? திட்டு அவனை."

சாய்ஹூன் திட்டினாள். தைக்காத வலைக்காக, ஈரச் செருப்போடு வீட்டுக்குள் வருவதற்காக, மச்சினன் கல்யாணத்தில் குடித்துவிட்டு அண்டாவுக்குள் தூங்கியதற்காக, ஒரு வார்த்தை சொல்லாமல் கிளம்பிப் போனதற்காக. அண்டாவிடம் வரும்போது கிம்தோ சிரித்தாள். இருமல் போலக் குட்டையான சிரிப்பு. அதற்குப் பிறகுதான் மற்றவர்கள் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே சிலர் முகத்தைத் துடைத்தார்கள். எத்தனையோ சிரிப்பை நான் மேடையோரம் உட்கார்ந்து கேட்டிருக்கிறேன். அந்தச் சிரிப்பு கனமாக இருந்தது.

மறுநாள் மாலை மறுபடியும் கண்ணாடிகளின் முன்னால் உட்கார்ந்தோம். சாய்ஹூன் தூரிகையை வெள்ளையில் தோய்த்தாள். மூக்கருகே கொண்டுபோய் அப்படியே நிறுத்தினாள். அவள் காது எந்தக் குரலுக்குக் காத்திருக்கிறது என்று எனக்குத் தெரிந்தது.

அலைத்தடுப்புச் சுவரிலிருந்து குரல் வந்தது.

"ஏ சுயிலாய், நேத்து நாடகம் பாத்தேன். வந்தா சொல்றேன். பத்து எண்ணுறேன். ஒண்ணு."

நான் துணியை விலக்கிப் பார்த்தேன். ஜன்னல்கள் திறந்தே கிடந்தன. ஒரு ஜன்னலில் கஞ்சிக் கடைக்காரரின் மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். அவளுடைய உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. நாலு, அஞ்சு.

பத்துவரை வந்தது. நாங்கள் எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தோம். பத்துக்குப் பிறகு அலைச் சத்தம்தான்.

சாய்ஹூன் இன்னும் கொஞ்ச நேரம் பொறுத்தாள். பிறகு மூக்கின் மேல் வெள்ளையை வைத்தாள். மற்றவர்கள் கிண்ணங்களை இழுத்துக்கொண்டார்கள்.