ஆயிரத்து ஐந்நூறு லூமன்

போன மாரிக் குளிர் தொடங்க முன்னர், எட்மண்டனில் இருக்கும் தன் வீட்டின் பழைய பல்புகளையெல்லாம் கழற்றிவிட்டு, கரண்ட் குறைவாக இழுக்கும் எல்.ஈ.டி. பல்புகளைப் பூட்டினார் ஞானரட்ணம். முப்பது வருஷம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். எதையும் வாசித்துப் பார்த்துத்தான் வாங்குவார். இந்த எட்டு வாட்ஸ் பழைய அறுபது வாட்ஸுக்குச் சமம் என்று பெட்டியில் போட்டிருந்தது. நம்பினார்.

இரண்டு மாதம் போக, குசினி இருட்டாக இருக்கிறது என்றார் மனைவி இம்மாகுலேற். கழுவிய மீனில் செதில் மிஞ்சியிருப்பது தெரியவில்லையாம். ஞானரட்ணம் கடைக்குப் போய் விசாரித்தார். வாட்ஸ் என்பது பல்பு தின்னும் கரண்ட், வெளிச்சத்தின் கணக்கு லூமன், குசினிக்கு மஞ்சளைவிட வெள்ளை நல்லது என்று கடைக்காரர் செல்வரத்தினம் விளங்கப்படுத்தினார். ஆயிரத்து ஐந்நூறு லூமனில் வெள்ளைப் பல்பு வாங்கிவந்து, முழங்கால் நோவோடு கதிரையில் ஏறிப் பூட்டினார்.

நல்லாயிருக்கிறது என்றார் இம்மாகுலேற். அடுத்த கிழமை மாடிப்படி இருட்டாக இருந்தது. பிறகு குளியலறை, பிறகு சாமிப்படத்தடி. பாஸ்காத் திருநாள் வருவதற்குள் வீடு முழுக்க வெள்ளை வெளிச்சம். இது வீடோ, ஒப்பரேஷன் தியேட்டரோ என்று மகள் டயனா சிரித்தாள். ஞானரட்ணத்துக்கே கண் கூசியது.

ஜூன் மாதத்து ஞாயிறு ஒன்றில், பூசை முடிந்து வெளியே வந்த இம்மாகுலேற், பக்கத்தில் நின்ற பிள்ளை வண்டியில் தடக்கி விழுந்தார். உச்சி வெயில். குறை சொல்ல அங்கே பல்பு எதுவும் இல்லை.

கண் பரிசோதனைக்கு வரச்சொல்லி இம்மாகுலேற்றுக்குக் கண்ணாடிக் கடையிலிருந்து முன்பு மூன்று கடிதங்கள் வந்திருந்தன. கண்ணாடி நன்றாகத்தானே இருக்கிறது என்று இருவரும் விட்டிருந்தார்கள். இப்போது கண்ணாடிக் கடைக்காரர் சோதித்துவிட்டு அன்றே ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். கண்ணுக்குள் அழுத்தம் கூடி நரம்பு பழுதாகியிருக்கிறது, பார்வை ஓரத்திலிருந்து குறைந்துகொண்டு வரும், போன பார்வை போனதுதான், மிச்சத்தைக் காப்பாற்றத்தான் மருந்து என்றார் டொக்டர். மாரியிலேயே வந்திருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று ஞானரட்ணம் கேட்டார். இதைவிடக் கனக்கப் பார்வை மிஞ்சியிருக்கும் என்று தாழ்ந்த குரலில் பதில் வந்தது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் கேட்டார்: "நீர் ஏனப்பா என்னட்டச் சொல்லேல்லை?"

"சொன்னனான்தானே," என்றார் இம்மாகுலேற். "இருட்டா இருக்கெண்டு ஒவ்வொருக்காலும் சொன்னனான்."

ஞானரட்ணம் வெளியே பார்த்தார்.

"நீங்கள் கால் நோவோட ஏறி ஏறி மாத்தினீங்கள். பல்பிலதான் பிழையாக்குமெண்டு நானும் நினைச்சன். பேந்து, திரும்பத் திரும்பச் சொல்லப் பாவமா இருந்தது."

காலையும் மாலையும் ஞானரட்ணமே அவர் கண்ணுக்கு மருந்து விட்டார். ஒருநாளும் தவறவில்லை. ஒக்டோபரில் திரும்பச் சோதித்தபோது, பார்வை இல்லாத இடத்தைக் காட்டும் கறுப்பு, சோதனைத் தாளின் ஓரத்திலிருந்து இன்னும் உள்ளே வந்திருந்தது. டொக்டர் மருந்தை மாற்றிக்கொடுத்தார். இது நிற்பாட்டுமா என்ற கேள்விக்கு, பார்ப்போம் என்றார்.

இப்போதெல்லாம் இருட்டு என்று இம்மாகுலேற் சொல்வதில்லை. சுவரைத் தடவிக் குசினிக்குப் போகிறார். தனியாகக் கோயிலுக்குப் போவதை விட்டுவிட்டார். மருந்து விடும் நேரத்தில் மட்டும் தலையை நிமிர்த்தி, கணவனின் முகத்தை இமைக்காமல் பார்த்துக்கொண்டிருப்பார். நேரே இருப்பது இன்னும் தெரிகிறது. எவ்வளவு காலத்துக்கு என்று டொக்டர் சொல்லவில்லை. ஞானரட்ணமும் கேட்கவில்லை.